முதலில் இடுப்பு, பிறகு ஊசி

அனுப்புநர்:
கதவு, சன்னல் மாட்டும் தச்சர்,
ஐந்து மாதப் பெண் குழந்தையின் தகப்பன்.

பெறுநர்:
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்ட பிறகே மருத்துவர் பரிசோதிக்கும் வரிசையை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது யார் தலையையும் உருட்டும் மனு அல்ல. மருத்துவர் நல்லவர். செவிலியர் அவரைவிட நல்லவர். தவறு மேசைகளின் வரிசையில் இருக்கிறது.

எங்கள் சுகாதார நிலையத்தில் புதன்கிழமை குழந்தைகள் நாள். வாசலருகே எடை மேசை, அடுத்து ஊசி மேசை, கடைசியில் சன்னலோரம் மருத்துவர். ஊசி போட்ட குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டுதான் அவரிடம் போய்ச் சேரும். இடுப்பு மூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் காலை மடக்கி விரிப்பார். என் மகளோ இரண்டு கால்களையும் இரும்பாக விறைத்துக்கொள்வாள். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அட்டையில் ஒரே வாசகம்: "குழந்தை அழுகிறது, இடுப்பு அடுத்த முறை."

நான்காம் மாதத்தில் அதை நானே பார்த்துவிட்டேன். வீட்டில் குழந்தைக்குத் துணி மாற்றுவது என் பொறுப்பு. இரட்டைக் கதவு மாட்டிப் பழகியவனுக்கு, ஒரு கதவு முழுதாகத் திறந்து மற்றது பாதியில் நின்றால் கண்ணை உறுத்தும். கால்களை விரித்தால் மகளின் இடது கால் அப்படித்தான் பாதியில் நின்றது. மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் கதவாத்தான் தெரியும், பிள்ளையை விடுங்க" என்றாள். மறுநாள் அவளே துணி மாற்றிப் பார்த்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

தொடை எலும்பின் தலை குழிக்குள் உட்காரவில்லை என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். இப்போது தோளிலிருந்து பாதம்வரை பட்டை மாட்டி, கால்களைத் தவளைபோல் அகட்டி வைத்திருக்கிறார்கள். அவள் அதற்குள்ளேயே ஆட்டம் போடுகிறாள், எங்களுக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. "ஒன்றரை மாசத்துலயே வந்திருந்தா அநேகமா பட்டையோட முடிஞ்சிருக்கும். இப்ப ஆறு வாரம் போட்டுப் பார்ப்போம், உட்காரலன்னா மயக்கம் கொடுத்து மாவுக்கட்டு" என்றார் எலும்பு மருத்துவர். இரண்டு வாரம் முடிந்திருக்கிறது. பயமாக இருக்கிறது ஐயா.

வரிசையை மாற்றும்படி செவிலியரிடம் கேட்டேன். தடுப்பு மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்கு இப்போது ஊசி மேசை இருக்கும் பக்கம் மட்டுமே பிளக் பாயிண்ட் இருக்கிறதாம். "எழுதிப் போட்டு ரெண்டு வருஷமாச்சுண்ணா, மேல இருந்து பதிலே வரல" என்றார். அந்த 'மேலே' தாங்கள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

ஆகவே மருத்துவரை முன்னாலும் ஊசியைக் கடைசியிலும் வைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எட்டடி ஒயர் இழுக்க ஒரு மின்பணியாளரை அனுப்பினால் போதும். மேசைகளைத் தூக்கிப் போட நான் வருகிறேன், கூலி வேண்டாம். அதுவரை தாய்மார்கள் ஊசி மேசையைத் தாண்டி நேராகச் சன்னலோரம் போய்விட்டுத் திரும்பி வரட்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனாலும் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் நடக்கும்.

வரும் புதன்கிழமை என் மைத்துனியின் ஆறு வார மகன் அங்கே போகிறான். பிட்டம் முன்னால் வந்து பிறந்தவன், அவனுக்கு இடுப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். என் மகள் நன்றாகச் சிரிப்பாள் ஐயா. மூன்று முறை பார்த்த மருத்துவருக்கு அது தெரியாது. இந்தப் பயலையாவது அவன் சிரிக்கும்போது அவர் பார்க்கட்டும்.

இணைப்பு: தடுப்பூசி அட்டையின் நகல்.

இடம்: என் பட்டறை
நாள்: ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை

புதன்கிழமைக்குள் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
தச்சர்