குளத்துக்கு மேல் திருவிழா

அண்ணை,

ஏலக்காய் வாசம்தான் இன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. நோர்வேயின் இந்தச் சின்ன ஊரில், உறைந்து கிடக்கிற குளத்தின் நட்ட நடுவில், ஒரு கிழவி ஏலக்காய் போட்ட பணிஸ் ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். மீன் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள்தான் குளிர்காலத் திருவிழா என்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் காலை வைக்கவே பயந்தேன். பிறகு சின்னப்பிள்ளை போலச் சறுக்கினேன், விழுந்தேன், வயிறு நோகச் சிரித்தேன். ஒரு குதிரை வண்டியே பனிக்கட்டிக்கு மேலால் போனது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன அதே திருவிழா.

உங்களுக்குப் பெண் வீட்டார் வந்த நாளை நினைத்தால் இன்றும் கூசுகிறது. நம்முடைய பருத்தித்துறைப் பக்கத்தில் கப்பல்காரனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள், அவன் மெய்யாகவே கப்பலில் போகிறவன்தானா என்று துருவித் துருவி விசாரிப்பார்கள். உங்கள் பாஸ்போட் கப்பல் கொம்பனியில் இருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு படம். தடித்த கோட்டுப் போட்டுக்கொண்டு நீங்கள் வெள்ளைத் தரையில் நிற்கிறீர்கள். பின்னால் இரண்டு கூடாரங்கள். அது குளம் என்றும், குளிருக்கு உறைந்துபோக அதன் மேல் சனம் திருவிழா கொண்டாடும் என்றும், எங்கள் பொங்கல் போல ஏலக்காய் மணக்கும் என்றும் ஆசை ஆசையாகச் சொன்னீர்கள்.

நான்தான் வாயைத் திறந்தேன். என்னையும் கப்பலில் சேர்த்துவிடக் கேட்டு நீங்கள் மறுத்த கோபம், அந்தப் பத்தொன்பது வயதில் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணை, உது ஆனையிறவு உப்பளமெல்லோ?"

பெண்ணின் தாய்மாமன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் உப்பளத்தில் வேலை செய்தவர். வெள்ளை வெளேரென்ற தரையைக் கண்டால் அவருக்கு வேறென்ன தோன்றும்? ஓம், உப்பளம்தான், கோட்டு இரவலாக இருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"நான் சுரண்டி நாக்கிலை வைச்சுப் பாத்தனான். உப்பில்லை" என்றீர்கள். அதற்கும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமை தரகர் வந்து, பொருந்தியிருந்த சாதகம் பொருந்தவில்லை என்றார். கப்பல் எல்லாம் புளுகு, உப்பளத்தில் கூலி வேலை என்று ஊர் கதைத்தது. நீங்கள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பக் கப்பலுக்குப் போகிற அன்று அந்தப் படத்தை என் கையில் தந்தீர்கள்.

"வைச்சிரு. நீயாவது ஒருநாள் நம்புவாய்."

மூன்றாம் வருடம், நெஞ்சு நோவு என்று தந்தி வந்தது. உடல் வரவில்லை, கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு நான் எழுதத் தொடங்கிய கடிதம் மூன்று வரியோடு அப்படியே கிடந்தது. மூன்று வருடத்தில் மூன்று வரி, அதற்கு மேல் எழுத என் ரோசம் விடவில்லை.

படம் இன்றும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு அந்தக் குளத்தின் மேல் நெடுநேரம் நின்றேன். கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. குந்தியிருந்து, கையுறையைக் கழற்றி, நகத்தால் சுரண்டி ஒரு துளியை நாக்கில் வைத்தேன்.

உப்பில்லை, அண்ணை.