அம்மா திருத்திய வரி

ஜனவரி 12, 2025, ராஜபாளையம்

மில்லுக்கு இன்று விடுமுறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பன் ஸ்டெபினின் மைக்செட் கடையில் என் முதல் ராப் பாட்டைப் பதிவு செய்தோம். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே நான். வேர்வையில் குளித்துவிட்டேன்.

பாட்டு முழுக்க எங்கள் வீடுதான். அப்பா குடித்துவிட்டு வந்து அடித்தது, பிறகு எங்களை விட்டு ஓடிப்போனது, பள்ளியில் அதைச் சொல்லிக் கேலி செய்தவனின் பல்லை நான் உடைத்தது. மேடைப் பெயர் ‘ரவுடி சத்யா’. பல்லை உடைத்த பெண்ணுக்குத் தெருவே வைத்த பெயர், எதற்கு வீணாக்க வேண்டும்?

ஜனவரி 20

யூடியூப்பில் நாற்பதாயிரம் பேர்! டீ இடைவேளையில் மில் பெண்கள் கூடவே பாடுகிறார்கள்.

ஜனவரி 22

அம்மா கேட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் அக்கா போனில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். திட்டினால்கூடத் தாங்குவேன். நான் பாடினது பொய்யா? நீயும் பேசாம இருந்தா நா எங்கம்மா போவேன்?

ஜனவரி 25

இன்னும் பேசவில்லை.

பிப்ரவரி 9

ஸ்ரீவில்லிபுத்தூரில் கலைவிழா. மேடை ஏறியதும் பார்த்தேன் – மூன்றாவது வரிசையில் அம்மா! கருத்தம்மாள் அக்காவோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். ‘அம்மா மூலையில் அழுதாள்’ என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினேன். மண்டபமே எழுந்து கை தட்டியது.

இறங்கியதும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, பாட்டுல ஒரு தப்பு இருக்கு.”

“என்னம்மா?”

“நா எங்க அழுதேன்? ஒங்கப்பன் கைய கடிச்சேன். ஆஸ்பத்திரில மூணு தையல் போட்டாவ. அத விட்டுட்டியே!”

“அதுக்கா இம்புட்டு நாளும் பேசல?”

“பொறவு? ஊரே என்னைய அழுமூஞ்சின்னு நெனைக்கும்லா.”

ஸ்டெபின் விழுந்து விழுந்து சிரித்தான். நான்தான் அழுதேன்.

மார்ச் 2

திருத்திய பாட்டை வெளியிட்டோம். கடிக்கிற வரியை அம்மாவே பாடினாள். ஒரே டேக்! என்னா கோபம் அந்தக் குரலில்!

மார்ச் 11

மூன்று லட்சம் பேர். கோயம்புத்தூர் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போஸ்டரில் என் படம்.

மார்ச் 16

கோயம்புத்தூர் கிளம்பும் நாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கருத்தம்மாள் அக்கா.

“சத்யா, எம் மாமியா கதையையும் பாட்டா எழுதித் தாரியா?”

அவள் பின்னால் தெருப் பெண்கள் இன்னும் நான்கு பேர். நான் வாய் கொப்பளிப்பதற்குள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஒவ்வொருத்தியா சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எம் மக பஸ் ஏறணும்.”