கப்பலில் வாந்தி எடுத்த மீன்காரன்

கப்பலிலிருந்து
2.8.2025

அன்புள்ள நைனாவுக்கு,

வெண்ணிலா எழுதுவது. இங்கே நான் நலம். அம்மாவும் சுபஸ்ரீயும் எப்படி இருக்கிறார்கள்? கப்பலில் போன் பேச்சு பாதியிலேயே அறுந்துபோகிறது, அதனால் எழுதி அனுப்புகிறேன். நீங்களும் காகிதத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பத் தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

உங்கள் டிக்கெட் உறுதியாகிவிட்டது. சென்னையில் ஏறி, விசாகப்பட்டினம் போய், சென்னைக்கே திரும்பும் பயணம். பொன்னேரியில் பீச் ஸ்டேஷன் ரயிலைப் பிடியுங்கள். அங்கிருந்து ஆட்டோ துறைமுக வாசல்வரைதான் வரும். உள்ளே போக கம்பெனி பஸ் உண்டு. நடந்துபோகப் பார்க்காதீர்கள், விடமாட்டார்கள். ஆதார் சட்டைப்பையில் இருக்கட்டும். பெட்டியை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வரச் சாயங்காலம் ஆகும். அதனால் மாத்திரையும் மாற்றுச் சட்டையும் கைப்பையில் வையுங்கள். முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் அள்ளும், கொஞ்சம் பொறுத்துப் போங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு பேன்ட் போட வேண்டும், லுங்கியோடு விடமாட்டார்கள். விசாகப்பட்டினத்தில் இறங்கினால் கப்பல் பஸ்ஸிலேயே போய் அதிலேயே திரும்புங்கள். தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

நான் வேலையில் இருக்கும்போது பார்த்தால் கூப்பிடாதீர்கள். இந்த மாதம் சூப்பர்வைசர் பதவிக்கு ஆள் எடுக்கிறார்கள், என் பெயரும் இருக்கிறது. வேலை முடிந்ததும் நானே வருவேன்.

ஊரில் யார் என் வேலையைக் கேட்டாலும் நீங்கள் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அறைகளையும் நடைவழியையும் சுத்தம் செய்கிறேன், அவ்வளவுதான். ஒருமுறை வந்து பாருங்கள் நைனா. அதற்காகத்தான் இந்த டிக்கெட்.

அன்புடன்,
வெண்ணிலா


லைட்ஹவுஸ் குப்பம்
11.8.2025

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு நைனா எழுதிக்கொள்வது,

எல்லோரும் சுகம். உன் அம்மா வரமாட்டாளாம். "பொழுதுக்கும் கடலைத்தானே பாத்துக்கினு கீறேன், அதை ஏசி போட்டு வேற பாக்கணுமா?" என்கிறாள்.

உன் சித்தப்பா கல்யாணத்துக்குத் தைத்த பேன்டை எடுத்துப் பார்த்தேன். இடுப்பு என்னை ஆள் தெரியாது என்றது. பாக்கெட்டில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது. அந்த நாற்றத்தைப் போக்க சுபஸ்ரீ மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். போடத்தான் போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுவாவது பட்டமளிப்பு உடை.

நீ சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். கூப்பிடமாட்டேன். பக்கத்தில் வந்தாலும் யாரோ என்று நிற்பேன்.

உன் நைனா,
இளங்கோவன்


லைட்ஹவுஸ் குப்பம்
1.9.2025

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஏறும்போதே ஆரம்பித்தது. பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "சார், செருப்பைப் போடுங்க, இது கோயில் இல்ல" என்றார் காவலாளி. படகில் செருப்போடு ஏறமாட்டோம் என்றேன். "இது படகும் இல்ல சார்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. பட்டுச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் பாயசக் கரண்டியை நக்கி, அதே கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டார். ஒரு அம்மாள் தட்டு நிறைய இறால் அள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போனாள். மீன் என்று ஒன்று வைத்தார்கள்; நனைந்த பஞ்சை வெண்ணெயில் வதக்கிய மாதிரி. கடலில் உயிரோடு இருந்ததற்கு அதனிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. இருந்தாலும் தின்றேன், உன் நைனா எதையும் மிச்சம் வைக்கமாட்டான்.

அப்புறம் ஜன்னல் இல்லாத அந்த அறை, நடைவழியில் அந்த சென்ட் வாசனை, காலுக்குக் கீழே மெதுவாகப் புரளும் தரை. முப்பது வருஷமாகப் படகில் அசையாத வயிறு அங்கே அசைந்துவிட்டது. கதவைத் திறந்தேன், கம்பளத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. மீன், பாயசம், மானம்.

நீ வந்தாய். பின்னாலேயே உன் மேலதிகாரி, அந்த ஜெசிந்தா மேடம். "சார், கொஞ்சம் நகருங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டு மண்டி போட்டாய். நான் வாந்தி எடுத்ததன் முன்னால், முழங்கால் அதில் படுகிற மாதிரி. எனக்குத் தாங்கவில்லை. துணியைப் பிடுங்கினேன். "வுடு நைனா, வுடு" என்று நீ மெதுவாகச் சொன்னது கேட்டது. "எம் பொண்ணு இதெல்லாம் செய்யாது" என்று கத்தினேன். உன் கையுறை கிழிந்தது. சுற்றி நின்றவர்கள் போனை எடுத்தார்கள்.

தொற்று இருக்கலாம் என்று என்னை அறையில் அடைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். விசாகப்பட்டினம் வந்துவிட்டது என்றார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். கையுறை கிழிந்ததால் உன்னையும் அடைத்தார்கள் என்று இறங்கும்போதுதான் தெரிந்தது.

அந்தப் பதவி என்ன ஆயிற்று, எழுது. அந்த அசிங்கத்தையெல்லாம் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு. அதையும் யோசி.

உன் நைனா


கப்பலிலிருந்து
20.9.2025

நைனாவுக்கு,

பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. நேர்காணல் நாளில் நான் அறைக்குள் அடைபட்டு இருந்தேன். அதற்காக அழவில்லை, அடுத்த வருஷமும் எடுப்பார்கள்.

நீங்கள் துணியைப் பிடுங்கினீர்களே தவிர துடைக்கவில்லை. தேய்த்துச் சுவர்வரை பரப்பினீர்கள். அதை அப்புறம் இன்னொரு பெண் துடைத்தாள். அவளுக்கும் அப்பா இருக்கிறார்.

"எம் பொண்ணு இதெல்லாம் செய்யாது" என்றீர்கள். இதைத்தான் நான் நாலு வருஷமாகச் செய்கிறேன். முதலில் எனக்கும் குமட்டியது, பிறகு பழகியது. அன்றுவரை அது வேலையாக இருந்தது. இப்போது குனியும்போதெல்லாம் உங்கள் முகம் எதிரில் வருகிறது. சுளித்த முகம். நீங்கள் வாந்தியைப் பார்த்துச் சுளிக்கவில்லை நைனா, என்னைப் பார்த்துச் சுளித்தீர்கள்.

தை மாதம் விடுப்பு உண்டு. ஊருக்கு வரவில்லை. கொச்சியில் தோழி கஸ்தூரி வீட்டில் இருந்துகொள்கிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

வெண்ணிலா


லைட்ஹவுஸ் குப்பம்
8.10.2025

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேடிக்கையாக வருகிறது, கிழித்துப் போடுகிறேன். இத்தனை நாள் அதனால்தான்.

நீ சொன்னது சரி. உன்னைப் பார்த்துத்தான் சுளித்தேன்.

போன வாரம் வலை தைக்கிற இடத்தில் தமிழ்வாணன், "இன்னா இளங்கோ, கப்பல்ல போய் வாந்தி எடுத்தியாமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ எடுத்த படம் இங்கே வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம்டா என்று முழுக்கச் சொன்னேன்.

"யாரு தொடச்சா?" என்றாள் ராஜாத்தி. மீன் விற்றுவிட்டு அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள்.

"வெண்ணிலாதான் வந்துச்சு."

"சீ. கப்பல்ல அதுக்கா வேலைக்குப் போச்சு?"

பேச்சை மாற்ற வாய் வந்தது. "அதுக்கும்தான். ரூம்பு, வராண்டா எல்லாம் சுத்தம் பண்ணுது. அதான் அதோட வேலை" என்றேன். ராஜாத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது. கப்பலில் என் மூக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்.

நேற்று சுபஸ்ரீக்கு என்னவோ ஒத்துக்கொள்ளாமல் கூடம் முழுக்க வாந்தி. உன் அம்மா பொன்னேரி போயிருந்தாள். நீங்கள் ரெண்டு பேரும் பிறந்து வளர்ந்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இதைத் துடைத்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. துணியை எடுத்து உட்கார்ந்தேன். ரெண்டு தரம் வெளியே ஓடிப்போய் ஓங்கரித்தேன். திரும்ப வந்து துடைத்தேன், வாசல்படிவரை பரவிவிட்டது. உன் அம்மா வந்து பார்த்து, "யாரு ஒன்னைத் தொடைக்கச் சொன்னது?" என்று கத்தினாள். வீடு இன்னும் நாறுகிறது.

கொச்சிக்குப் போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று நீ முதலில் ஏதோ வெள்ளைப் பொடி போட்டாயே, அது எதற்கு? துணியை எந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும்? எழுது.

நைனா


கப்பலிலிருந்து, மும்பை துறைமுகம்
15.10.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பொடி ஈரத்தை உறிஞ்சத்தான். வீட்டில் அது கிடைக்காது, அடுப்புச் சாம்பலைத் தூவி கொஞ்ச நேரம் விடுங்கள். பிறகு அட்டையால் வழித்து எடுங்கள். துணி கடைசியில்தான். ஓரத்திலிருந்து நடுவுக்குத் துடைக்க வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் பரவும். ஒரு பக்கம் அழுக்கானால் மடித்து மறுபக்கம். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். குமட்டினால் வாயால் மூச்சு விடுங்கள், நான் அப்படித்தான் செய்வேன். கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுங்கள்.

கொச்சிக்கு இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

வெண்ணிலா