நூற்றுப்பத்து அம்பியர்

தலைக்கு இரண்டு தடவை ஷாம்பூ போட்டும் வாசம் போகவில்லை. தலையணையில் முகத்தை வைத்தால் வெல்டிங் புகை மூக்கில் ஏறுகிறது. பின்னேரம் என் தலையைத் துவட்டிவிடும்போதே அம்மா முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பொகதான் அந்தப் புள்ளய கொண்டு போச்சு."

அந்தப் புள்ள நீதான்.

உன்னைக் கொண்டு போனது டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள், உன் அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். அம்மாவுக்கு மட்டும் அது புகை. நீ போன பிறகு என்னையும் வெல்டிங் வகுப்பிலிருந்து நிறுத்தப் பார்த்தார். அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். நாளைக்கு நடக்கிற செய்முறைப் பரீட்சையில் பாஸானால் தொடரலாம். இல்லையென்றால் வெல்டிங்கை விட்டுவிட்டு நாவலப்பிட்டியிலேயே சித்தப்பாவின் துணிக்கடையில் நிற்க வேண்டும்.

செத்துப்போனவர்களின் பெயரை ராத்திரியில் சொன்னால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்பது அம்மாவின் நம்பிக்கை. உன் பேச்சை எடுத்தாலே கையைப் பிடித்து அமுக்குவார். அதனால்தான் போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். உன் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குப் பயமில்லை. எழுதினாலும் வரமாட்டாயே.

எனக்குப் பயம் அந்த மெஷின்தான். அதுவும் முழு மெஷின் இல்லை, அதன் மேலே கரண்டை, அதாவது அம்பியரை, கூட்டிக் குறைக்கிற முள். அந்தப் பயம் எப்படித் தொடங்கியது என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நீ அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்!

கம்பளைப் பயிற்சி நிலையத்தின் சனிக்கிழமை வகுப்பில் நாம் சேர்ந்த புதிது. கேட் செய்கிற மெல்லிய சதுரக் குழாயை ஒட்டச் சொன்னார் நம் சிங்கள வாத்தியார், சேர். எனக்கு முன்னால் செய்தவன் தடித்த தகட்டுக்காக முள்ளை நூற்று முப்பதில் வைத்துவிட்டுப் போயிருந்தான். நான் பார்க்கவில்லை. முகமூடியை இறக்கி, மெல்லிய வெல்டிங் குச்சியை வைத்து உரசியதும் பொறி நாலு பக்கமும் பறந்தது. குழாயில் ஓட்டை விழுந்தது. குச்சி பாதி வரை சிவந்துவிட்டது. பின்னாலிருந்து சேர் கத்தினார்:

"நங்கி! வெடியி! வெடியி!"

நிதானமாகக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்த சொல்தான். சிங்களத்தில் 'தங்கச்சி, கூடிப்போச்சு' என்கிறார், அம்பியரைக் குறைக்கச் சொல்கிறார். ஆனால் முகமூடிக்குள் இருட்டு, வெளியே பொறி. அந்த நேரத்தில் என் காதுக்குச் சிங்களம் கேட்குமா? தமிழில்தான் கேட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, "வெடிக்கப் போவுது, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். நம் தமிழ்ப் பையன்கள் எல்லாரும் என் பின்னால் ஓடி வந்தார்கள். சிங்களப் பையன்கள் மட்டும் எங்களுக்கு என்ன ஆனதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நீ ஓடவில்லை. மெஷினிடம் போய் முள்ளைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்தாய். சிரிப்பில் உனக்குப் பேச்சே வரவில்லை.

"கூடன்னு சொன்னாருடி அவரு. பாம் வச்ச மாரி ஓடுற! ஒன்னோட சேந்து இந்த எருமைகளும் ஓடுது!"

அன்றிலிருந்து எனக்கு 'வெடி' என்று பெயர். "வெடி வந்துட்டா, தள்ளி நில்லுங்க" என்பான் ஒருவன். சேருக்கே அது பிடித்துப்போய் "எங்க வெடி நங்கி?" என்று கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குச்சியைத் தந்தாலும் நான் முள்ளை எண்பதுக்கு மேலே விட்டதில்லை.

குறைந்த அம்பியரில் பொறி பறக்காது, ஓட்டை விழாது. ஆனால் குச்சி பற்றாது. தகட்டில் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது, ஆட்டினால் வராது. நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாய்.

"என்னடி, குச்சிய நட்டு வச்சிருக்கியா? தண்ணி ஊத்து, மொளைக்கும்."

பிறகு நீயே போய் முள்ளைத் திருப்பி வைப்பாய். எத்தனையில் வைத்தாய் என்று கேட்டால் சொல்ல மாட்டாய். "நம்பர பாக்காத, சத்தத்த கேளு" என்பாய். பக்கத்து மர ஆலை ஓடினால் நம் பக்கம் கரண்ட் இறங்கிவிடும். காலையில் சரியாக இருந்த எண் மத்தியானம் போதாது. உன் அப்பா ஸ்டேஷனில் வடை விற்கிறவர், நீ அடுப்படியில் வளர்ந்தவள். அதனால் உனக்கு எல்லாமே எண்ணெய்ச் சட்டிதான்.

"எண்ண காயலன்னா வட சட்டியில ஒட்டும். ரொம்ப காஞ்சா மேல கருகும், உள்ள மாவு. சரியா காஞ்சிருந்தா ஒரே சீரா சடசடன்னு கேக்கும்ல? அவ்வளவுதான் வெல்டிங்."

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். நீ முள்ளை வைத்த பிறகு நான் ஒட்டினால் அதே சத்தம் வரும். உருக்கி ஊற்றிய கோடு சமமாக உட்காரும், மேலே படிந்த கருப்பு ஓடு தட்டினால் தானாகக் கழன்று விழும். கைவேலையில் உன்னைவிட நான்தான் நேர்த்தி என்று சேரே சொல்லியிருக்கிறார். முள்ளைத் திருப்புவது மட்டும் எப்போதும் நீ.

இன்றைக்கு ஒத்திகை. நாளைக்குப் போலவே தடித்த தகடு, மூன்று புள்ளி இரண்டு மில்லிமீற்றர் குச்சி. நான் எண்பதில்தான் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. "அடுயி" என்றார் சேர், குறைவாம். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று நகர்த்தி நூறு வரைக்கும் கொண்டுபோனேன். அதற்குமேல் கை போகவில்லை. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஊற்றியது கயிறு மாதிரி மேலே மேலே நின்றது. சேர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார், முழுசாகப் பெயர்ந்து கீழே விழுந்தது.

"இது ஒட்டின இல்ல நங்கி. வெச்ச."

தனக்குத் தெரிந்த தமிழில் அப்படிச் சொல்லிவிட்டு, நாளைக்கும் இப்படித்தான் என்றால் பாஸ் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ரெயினில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். நாவலப்பிட்டியில் இறங்கினால் உன் அப்பா மேடையில் கூடையோடு நிற்கிறார். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

"வாம்மா. நாளைக்கித்தான பரீட்ச?"

"ஆமாங்க மாமா. பயமா இருக்கு. அவ இருந்திருந்தா பரவால்ல. அவளுக்குத்தான் எதுக்குமே பயமில்லியே."

மாமா வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருக்கு, அவளுக்கா? நல்லா சொன்ன போ. சனிக்கெழம காலையில அதுக்குச் சோறே எறங்காதும்மா. அந்த முள்ள திருப்புறப்ப கையெல்லாம் நடுங்குதுப்பான்னு சொல்லும். அப்பறம் எதுக்கு நீ போயி திருப்புறன்னு கேட்டா, 'வெடி பக்கத்துல நிக்கிறாப்பா, அவ முன்னால நான் நடுங்க முடியுமா'ன்னு கேக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

முள்ளைத் திருப்பியதும் நீ கையை ஓவரோல் பைக்குள் விட்டுக்கொள்வாய். நான் அதை ஸ்டைல் என்று நினைத்தேன். ஒருநாள் நானும் அப்படிச் செய்து காட்ட, நீ முதுகில் ஒரு அடி போட்டாயே.

நாளைக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு தடுப்பு, ஒரு மெஷின். தொடங்குவதற்கு முன்னால் பழைய துண்டில் ஒரு கோடு போட்டுப் பார்க்க விடுவார்கள். நான் நூற்றுப்பத்தில் தொடங்கப் போகிறேன். மர ஆலை ஓடினால் இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். குச்சி சிவந்தால், தகட்டின் ஓரம் அரித்தால், குறைப்பேன். யாராவது பின்னாலிருந்து வெடியி என்று கத்தினாலும் குறைப்பேன், ஓட மாட்டேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது ஒன்றுதான். கை நடுங்குகிறது என்றால் அந்த வேலை நமக்கு ஆகாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நடுங்குகிற கையாலேயே முள்ளைத் திருப்பலாம். நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கண்முன்னால் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாய்.