முன்கூட்டிக் கட்டினால் அபராதம்

திருப்பாதிரிப்புலியூர்
12.8.2009

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் மகள் காயத்ரியும் நலம். நீங்களும் நலமா என்று கேட்டெழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன். உங்கள் ரூமில் தங்கியிருக்கும் சின்னையன் அண்ணன் சனிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய நாலு லட்சம் வந்தது. சொன்னபடி மறுநாளே வீட்டுக் கடனை முடிக்கக் கம்பெனிக்குப் போனேன். அசல் பாக்கியும் நாலு லட்சம்தான். ஆனால் மேனேஜர் இன்னும் பன்னிரண்டாயிரம் கேட்டார். "பதினஞ்சு வருசக் கடனை அஞ்சு வருசத்துல முடிக்கிறீங்க. கம்பெனிக்கு வட்டி போவுதில்லம்மா? நூத்துக்கு மூணு அபராதம்" என்றார். ஒரு தவணைகூடத் தவறாதவர்களுக்கு அபராதமா என்று கேட்டேன். கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் இருக்கிறது என்றார்.

உங்களிடம் சொன்னபோது, "இன்னும் ரெண்டு மாசம் வேலை செஞ்சு அனுப்பிடறேன்" என்றீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பணம் ஒரே தடவையில் எப்படி வந்தது, ஏன் இத்தனை அவசரம் என்று யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் சின்னையன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு மச்சான் சத்தியம் வாங்கிட்டாரு தங்கச்சி" என்றார். அப்புறம் சொல்லிவிட்டார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தீர்களாம். முதுகெலும்பில் அடியாம். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால்கள் விளங்காது என்று டாக்டர் சொன்னாராம். அந்த நாலு லட்சம் விழுந்ததற்கு அங்கே கொடுத்த நஷ்டஈடாம். அதை இங்கே அனுப்பிவிட்டு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்களாமே! திரும்பும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

நேற்று பத்திரத்தை எடுத்தேன். முழுக்க இங்கிலீஷ். பக்கத்து வீட்டு மாலதி டீச்சர் வரிவரியாகப் படித்து அர்த்தம் சொன்னார். மொத்தமாக முடித்தால்தான் அபராதம். வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கியில் கால் பங்கு வரை கட்டினால் அபராதமே கிடையாது. இன்று காலை மேனேஜரிடம் காட்டினேன். "ஆமாம்மா, அப்படியும் கட்டலாம்" என்றார். முதல் நாளே இதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் நான் ஒரு பைசா கட்டவில்லை மாமா. அந்தப் பணம் உங்கள் முதுகுக்கு. புதுச்சேரியில் பெரிய டாக்டரைப் பார்த்துப் பேசுவதாக என் அண்ணன் ராஜவேல் சொல்லியிருக்கிறார். ஜவுளிக்கடையில் ஒன்றாம் தேதியிலிருந்து என்னை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். முன் அறையை வாடகைக்கு விட்டால் தவணைக்குச் சரியாகிவிடும்.

கடனில்லாத வீட்டை எங்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் என்ன செய்வதாக இருந்தீர்கள்? அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

டிக்கெட்டுக்குப் பணம் சின்னையன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். தூக்கிக்கொண்டு வந்து இறக்கினாலும் சரி, வந்துவிடுங்கள். கடன் இன்னும் பத்து வருஷம் இருக்கட்டும். அந்தப் பத்து வருஷமும் கூட இருந்து கட்டுங்கள். பாடலீஸ்வரர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
புஷ்பவள்ளி