இரண்டு கையும் காலி

பாண்ட்கரெக், வேல்ஸ்
ஏப்ரல் 28

என் கண்ணே எய்ர்லிஸ்,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. சனிக்கிழமை வருகிறாய் என்றதும் அடுப்படியில் நின்றபடியே ஸ்தோத்திரம் சொன்னேன். அப்பாவின் அடக்கத்துக்கு நீ வராதபோது சபையார் முன்னால், "மனசிருந்தா நடந்தாவது வந்திருப்பா" என்றேன். வழியில், ஷ்ரூஸ்பரியில் ரயிலை ரத்து செய்துவிட்டார்கள் என்றாய், நம்பவில்லை. நேரில் பேசுவோம். நடைமேடையில் நிற்பேன்.

உன் அம்மா
க்வென்

லண்டன்
மே 5

அம்மா,

நின்றாய், பார்த்தேன். வண்டி ஊர்ந்து வந்து, நிற்காமல் போய்விட்டது. ஜன்னலைத் தட்டினேன்; சிலை மாதிரி நின்றாய். சத்தம் கேட்டு வந்த கார்டு, "இங்க இறங்கணும்னா முன்னாடியே சொல்லணும்மா. இல்லேன்னா மேடையில நிக்கிறவங்க கை காட்டணும். அவங்க காட்டலையே" என்றார்.

உட்கார இடமில்லாமல் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தது இதற்கா? ஒரு கையைத் தூக்க உனக்கு மனமில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிட்டேன். இனி எழுதாதே.

எய்ர்லிஸ்

பாண்ட்கரெக்
மே 9

கண்ணே,

எழுதாதே என்கிறாய், எழுதாமல் எப்படி? நீ இங்கிருந்தவரை எல்லா வண்டியும் தானாக நிற்கும். இந்தக் கை காட்டுகிற ஏற்பாடு போன வருஷம் வந்தது. உனக்குச் சொல்ல மறந்தேன். ஏறுகிறவர்கள்தான் கை காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் ஏறவில்லையே! இரண்டு கையிலும் உனக்காகச் சுட்ட பழ ரொட்டி, சூடு ஆறாமல். உன் முகம் கண்ணாடியில் நகர்ந்து போனபோதுதான் உறைத்தது. ரொட்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். அதற்குள் கடைசிப் பெட்டியும் தாண்டிவிட்டது.

அம்மா

பாண்ட்கரெக்
செப்டம்பர் 14

கண்ணே எய்ர்லிஸ்,

ஜெபத்தில் உன் பெயரை விடவில்லை. சனிக்கிழமைதோறும் போய்க் கையை நீட்டுகிறேன். வண்டி நிற்கும்.

கார்டு இத்வல் தலையை நீட்டி, "இன்னைக்காவது ஏறுறீங்களா, மிஸஸ் ப்ரைஸ்? உங்களாலதான் இந்த வண்டியே லேட்டு!" என்பான்.

"இதுக்கு முன்னாடி ரொம்ப சீக்கிரமா வந்து கிழிச்சியாக்கும்! உள்ள பாருப்பா, யாராவது சொல்ல மறந்து தூங்குறாங்களான்னு."

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பெட்டியும் பார்ப்பான். "யாருமில்லம்மா" என்று வந்து நிற்கும்போது அவன் முகத்திலும் கேலி இருக்காது.

டிசம்பரில் புது அட்டவணையாம். பயண நேரத்தில் பதினொரு நிமிஷம் மிச்சம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் இல்லையா, எதைக் குறைத்து இந்த மிச்சம் என்று தேடினேன். இனி நிற்காத ஊர்களில் நம் ஊரும் இருக்கிறது.

அதுவரை நிற்பேன். வந்தால் கார்டிடம் சொல்லிவிடு. மறந்துபோனாலும் பதறாதே. நான் எதையும் கொண்டுபோவதில்லை; இரண்டு கையும் காலி.

உன் அம்மா