உன் பெயரில் மேயும் செம்மறியாடுகள்

அன்பு மகள் ஒதிலியாவுக்கு,

பிறப்பு இறப்புப் பதிவாளர் அன்செல்மோ பெரால்தா ஆகிய நான், உன் தந்தை, ஒரே நோக்கத்துடன் இதை எழுதுகிறேன்: உன் ஆய்வுக் கணக்கில் மேய்ந்துகொண்டிருக்கும் செம்மறியாடுகளை அவற்றுக்கு உரியவரிடம் நீ ஒப்படைக்க வேண்டும். முதலில் நலம் சொல்வதே முறை என்று உன் அம்மா பின்னால் நின்று திருத்துகிறாள். ஆகவே, அவளுடைய முழங்காலும் என் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் உள்ளன. பின்லாந்துக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் நடக்கிறாய் என நம்புகிறோம்.

நீ நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிறாய் என அறிந்த நாள்முதல், உன் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியுள்ளனர் என எண்ணிக் காட்டும் இணையப் பக்கத்தைக் காலைதோறும் பார்த்துவருகிறேன். போன ஞாயிறு முற்றத்தில் இறைச்சி வெந்துகொண்டிருக்கையில், ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு என்று உறவினர் முன் சற்று உரக்கவே வாசித்தேன். கால்நடை மருந்து விற்கும் உன் மாமா எலாதியோ அந்தப் பக்கத்தின் கட்டுரைப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு எப்ப ஆட்டுக்கு உண்ணி எடுக்கப் போனா? முதல் கட்டுரையே அதானே" என்றான். "அவளா? நாயைக் குளிப்பாட்டச் சொன்னாலே ஓடுவாளே" என்றாள் உன் அம்மா. எல்லோரும் சிரித்ததில் இறைச்சி ஒரு பக்கம் கருகியது. நான் சிரிக்கவில்லை.

விசாரித்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள் பெற்ற அந்த உண்ணிக் கட்டுரை, சால்தோ நகரில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் ஒனோப்ரே பெரால்தாவுடையது. இயந்திரத்துக்கு இருவரும் ஓ. பெரால்தாதான். அவரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். "அப்படியா சார்? மூணு வருஷம் முன்னாடி பதவி உயர்வு கேட்டப்ப, உங்களை யாரும் படிக்கிறதில்லைன்னுட்டாங்க. நானும் நம்பிட்டேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பொண்ணுக்குக் குறையுதுன்னா சொல்லுங்க, அடுத்த உண்ணிக் கட்டுரைல அவங்களையும் மேற்கோள் காட்டிடறேன்" என்றார். முறையன்று என மறுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று உன் அம்மா இன்றும் சொல்கிறாள்.

ஆடுகள் போனால் உனக்கு எஞ்சுவது ஐந்நூற்று முப்பத்துநான்கு. ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள் என்று நீ அஞ்சியதை நான் மறக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் தந்தையின் குடும்பப்பெயரையடுத்துத் தாயுடையதும் வரும் என்பதை அறியாத அயலார், கடைசிப் பெயரையே பிடித்துக்கொண்டு, நீ மொந்தேவிதேயோவில் எழுதிய பதினொரு கட்டுரைகளை உன் அம்மா வழி உகார்த்தே என்ற பெயரில் தனியே வைத்திருக்கின்றனர். அவற்றுக்கு முந்நூற்று எண்பது. "நல்லதெல்லாம் எங்க பக்கத்துலேருந்துதான் வந்திருக்கு" என உன் அம்மா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

இரண்டையும் சேர்த்தாலும் தொள்ளாயிரத்துப் பதினான்குதான். ஆகவே உன் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை, பதினான்கு பக்கங்களையும், அகராதியுடன் இருமுறை படித்தேன். ஆயிரம் என்ற எண் அதில் எங்குமே இல்லை. உன் சிறந்த ஐந்து கட்டுரைகளைத்தான் கேட்கிறார்கள். அந்த விதியை உனக்குச் சொன்னவர் யார் என்று கேட்கமாட்டேன். காப்பி அறையில் இயற்றப்படும் சட்டங்கள் எங்கள் அலுவலகத்திலும் உண்டு.

உகார்த்தே கட்டுரைகளில் ஒன்றை நால்வர் மட்டுமே மேற்கோள் காட்டியுள்ளனர். வேலையை விட்டுப் போனவர் எழுதிய கணினி நிரலில், தேவையற்றது எனத் தெரிந்தும் ஒரு வரியை அழிக்க மற்றவர் ஏன் அஞ்சுகின்றனர் என்று அதில் ஆராய்ந்திருக்கிறாய். எங்கள் பதிவு மென்பொருளில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. எதற்கென்று யாருக்கும் தெரியாது. அதைத் தொடக்கூடாது என்று மூன்று எழுத்தர்களுக்கு நானே பயிற்சி அளித்திருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று உன் கட்டுரையைப் படித்த பிறகே விளங்கியது. ஐந்தில் ஒன்றாக அதை வை. அதை மேற்கோள் காட்டும் ஐந்தாமவன் நான். என்னை எந்த இயந்திரமும் எண்ணப்போவதில்லை.

உன் உழைப்பு உன் பெயரிலேயே நிலைக்கட்டும் என இருவரும் வாழ்த்துகிறோம். விண்ணப்பத்தின் கடைசி நாள் வியாழன், உங்கள் ஊர் நேரம் மாலை நான்கு மணி, மறவாதே. இப்போது நான் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, உன் எண் குறைவதைக் காண உட்காருகிறேன். புதன் நண்பகலுக்குள் குறையாவிட்டால், தேர்வுக் குழுவுக்கு நானே முத்திரையிட்டு எழுதுவேன்.

உன் அப்பா,
அன்செல்மோ பெரால்தா